‘சிஸ்டம் ஹேங் ஆகுது’ என்று போன் வந்தால்

ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். முதலில் ஒரு நோட்டை எடுங்கள். ஹார்டுவேர் சர்வீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது. எப்போது நிற்கிறது, அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, எப்படி நிற்கிறது என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டால், கேபினெட்டைத் திறப்பதற்கு முன்பே சந்தேகம் ஓரிரண்டு பாகங்களுக்குள் அடங்கிவிடும்.

ஓர் ஆடிட்டர் அலுவலகம். மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள். எனக்கு முன்னால் வந்தவர் ராமை மாற்றியிருந்தார், விண்டோஸையும் புதிதாகப் போட்டிருந்தார். இரண்டுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது, கோளாறு மட்டும் போகவில்லை. அந்த மெஷினில் உட்காரும் அக்காவிடம் கேட்டேன். “காலையில நல்லாத்தான் தம்பி ஓடுது. பதினோரு மணிக்கு மேல அடிக்கிற எழுத்து ஒவ்வொண்ணா வருது. அப்புறம் அப்படியே நிக்குது” என்றார்.

முதலில் மந்தம், பிறகு நிற்பது. இது சூட்டின் அடையாளம். இன்றைய பிராசஸர்கள் சூடேறியதும் உறைந்துவிடுவதில்லை. பெரும்பாலானவை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். எந்த மந்தமும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லாய் உறைகிற மெஷினில் நான் சூட்டை இரண்டாவதாகத்தான் சந்தேகிப்பேன்.

திரை நின்றதும் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால், தாமதமாக மாறினாலும், உள்ளே உயிர் இருக்கிறது. மாறவே இல்லை என்றால் முழுதாக நின்றுவிட்டது. ராம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என்று போக வேண்டும். மவுஸ் நகர்கிறது, எதைத் தொட்டாலும் திறக்கவில்லை, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பாருங்கள். அங்கே முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல, டேட்டாவை வெளியே காப்பி எடுப்பது. ஒரு சாட்டா கேபிளை மாற்றினால் தீரும் கோளாறுக்குப் புது டிஸ்க் விற்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு.

அந்த அலுவலகத்தில் விளக்கு தாமதமாக மாறியது. கோர் டெம்ப் போட்டுப் பார்த்தேன், 98 டிகிரி. கேபினெட் மேஜையின் மரப்பெட்டிக்குள் சுவரோடு ஒட்டி இருந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: ஃபேனைப் போர்டோடு பிடித்து வைக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மேலே எழும்பி நின்றது. ஒரு மூலை தூக்கிக்கொண்டால் ஹீட் சிங்க் பிராசஸரின் மேல் சரியாக உட்காராது. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சூடு இறங்காது. இன்டெல்லோடு வரும் ஃபேன்களில் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். தூசியை மட்டும் ஊதிவிட்டு வந்தால் அடுத்த வாரம் மறுபடி போன் வரும்.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு வைத்தால் போதும். பின்களைக் குறுக்கு மூலைகளாக அழுத்துங்கள். நான்கும் ‘டக்’கென்று உட்கார வேண்டும்.

சூடு சரியாக இருந்தும் உறைகிறது என்றால் அடுத்தது ராம். கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம், ஸ்லாட் ஜோடியை நம்பக் கூடாது. ஸ்லாட்டை மாற்றியும் அதே ராமில் பிழை வந்தால் மட்டுமே புது ராம் வாங்கச் சொல்லுங்கள்.

பலரும் மறப்பது எஸ்எம்பிஎஸ். பயாஸில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் சும்மா இருக்கும்போது சரியான அளவு காட்டிவிட்டு, வேலை கூடும்போது விழுந்துவிடுகிற எஸ்எம்பிஎஸ் உண்டு. நன்றாக ஓடும் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. அந்தப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் மீது பழி போடவும் வேண்டாம். மெஷின் முறையாக அணையவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. உறைந்த மெஷினை நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே பதிவுதான் வரும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் கோளாறு போகலாம், எதனால் போனது என்று உங்களுக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் சொல்ல முடியாது. அவர் கொடுத்த பணத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அன்று மதியம் மூன்று மணிக்கு அக்கா தாக்கலை முடித்தார். மெஷின் 64 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. மரப்பெட்டியிலிருந்து அதை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். தேதி, மாற்றிய பேஸ்ட், தூக்கியிருந்த பின், கடைசியாகக் காட்டிய சூடு என்று எல்லாவற்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, அடுத்து திறப்பவர் கண்ணில் படும்படி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.