வகுப்பறைக்குப் போகும் கணக்கு

நிபோங் திபால்



படிப்பை முடித்தோரும் வேலையில் இருப்போரும் வாரத்தில் ஓரிரு மணி நேரத்தை ஒதுக்கி, ஊதியம் எதுவும் பெறாமல் பள்ளி வகுப்பறைக்குச் சென்று, பணத்தைக் கையாளுதல், சிறுதொழில் நடத்துதல், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுதல் போன்றவற்றை மாணவருக்குக் கற்பிக்கும் பணி பல நாடுகளில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இவற்றை வணிக, வாழ்வியல் திறன்கள் என்பர். பாடநூலில் இடம்பெற்றாலும் பெறாவிட்டாலும், பள்ளியை விட்டு வெளியேறிய மறுமாதமே ஒருவருக்குத் தேவைப்படுபவை இவை. நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் படிக்கும் இளையோரிலும், பிறை, பத்து காவான் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரிலும் இப்பணியில் இறங்க விரும்புவோர் உண்டு. அவர்கள் அறிவுரையைக் கொண்டுபோகாமல் கணக்கைக் கொண்டுபோக வேண்டும் என்பதை விளக்கவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

இப்பணிக்கு அமைப்புவடிவம் தந்தோரில் முதன்மையானது ஜூனியர் அச்சீவ்மெண்ட் என்னும் நிறுவனம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் 1919-ஆம் ஆண்டு, ஸ்டிராத்மோர் காகித நிறுவனத்தை நடத்திவந்த ஹோரஸ் மோசஸ், ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக விளங்கிய தியோடர் வெய்ல், செனட்டர் முர்ரே கிரேன் ஆகியோர் அதைத் தொடங்கினர். மாணவர் சிலர் கூடி ஒரு சிறு நிறுவனத்தை அமைத்து, பங்குகளை விற்று முதல் திரட்டி, தமக்குள் தலைவரையும் பொருளாளரையும் தேர்ந்து, ஒரு பொருளைச் செய்து விற்று, இறுதியில் நிறுவனத்தைக் கலைத்துப் பங்குதாரருக்குக் கணக்கு ஒப்படைப்பது அதன் முறை. இதே முறையை ஜேஏ மலேசியா என்னும் கிளை இந்நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவரிடையே நடத்திவருகிறது. அமெரிக்காவில் தொடக்கத்தில் பள்ளி நேரத்திற்குப் பிறகு மட்டுமே கூடிய ஜூனியர் அச்சீவ்மெண்ட் வகுப்புகள், 1975-இல்தான் தன்னார்வலர் பள்ளி நேரத்திலேயே வகுப்பறைக்குள் நுழையும் வடிவத்தைப் பெற்றன. இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது: பள்ளி முடிந்த பின் நடக்கும் கூட்டத்திற்கு ஓய்வும் போக்குவரத்து வசதியும் உள்ள பிள்ளைகளே வர முடியும், பள்ளிப் பேருந்தைத் தவறவிட முடியாத பிள்ளையையும், வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளையையும் எட்டுவது வகுப்பறை மட்டுமே. மலேசியாவில் 1997-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் கல்வி அமைச்சும் தொடங்கிய பள்ளிகளைத் தத்தெடுக்கும் திட்டத்தின்கீழ் வங்கிகள் பள்ளிகளுடன் இணைக்கப்பட்டதும் இந்த வழியில் வைத்துப் பார்க்கத் தக்கது.

ஆயினும், வணிகக் கல்வியை இளையோருக்குத் தரும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. ஜார்ஜ் டவுனின் பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கிகளை அமைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் சமூகத்தினர், ஊரிலிருந்து சிறுவரை வரவழைத்துப் பெட்டியடிப் பையன்களாக அமர்த்தினர். கிட்டங்கி என்பது அலுவலகமும் தங்குமிடமும் சரக்கறையுமாக ஒருங்கே பயன்பட்ட நீண்ட கூடம். பெட்டியடிப் பையன் என்பவன் கணக்குப் பெட்டியின் அருகில் அமர்ந்து ஏவல் செய்தபடியே மனக்கணக்கையும் வட்டிக் கணக்கையும் பேரேடு எழுதும் முறையையும் பழகியவன். அவன் தேறியபின் அடுத்தாளாக உயர்ந்து, பிறகு கடையையே பொறுப்பேற்று நடத்தும் முகவராவான். பதினைந்து வயதில் ஒருவன் பிறர் பணத்திற்குப் பொறுப்புச் சொல்லக் கற்றுக்கொண்ட அந்தப் பயிற்சி, ஒரு கல்லூரிப் படிப்புக்குக் குறைந்ததன்று. ஆனால் அது ஒரு சமூகத்தின் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதே பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கெரியான் ஆற்றங்கரையில், தமிழர் கணக்கைச் சந்தித்த விதம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பினாங்கின் பெருநிலப் பகுதியான புரொவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர், கப்பற்கூலியும் முன்பணமும் கடனாக எழுதப்பட்ட பெயர்களோடுதான் வேலையைத் தொடங்கினர். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. கரும்பு போய் ரப்பரும், ரப்பருக்குப் பின் செம்பனையும் வந்தபோதும், தோட்டத்து மளிகைக் கடையில் மாதம் முழுதும் கடனுக்கு வாங்கிச் சம்பள நாளில் அடைக்கும் பழக்கம் தொடர்ந்தது. கடைக்காரர் அதைக் குறித்துவைத்த சிறிய 555 புத்தகத்தை இன்றைய தாத்தா பாட்டிமார் நன்கு அறிவர். அந்தப் புத்தகத்தில் எழுதியவர் ஒருவர், எழுதப்பட்டவர் இன்னொருவர். கூட்டிப் பார்க்கத் தெரியாதவர் சொன்ன தொகையைக் கட்டினார். ஒரே மாநிலத்தில், ஒரே மொழி பேசுவோரில், ஒரு சாராரிடம் பேரேடு எழுதும் கல்வியும் மறுசாராரிடம் பேரேட்டில் பெயர் மட்டுமே எழுதப்படும் நிலையும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தன. வணிகம் அறிந்த ஒருவர் தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குச் செல்லும்போது, வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்தக் கல்வியை வெளியே கொண்டுவருகிறார். அதனாலேயே இப்பணி இவ்வூரில் கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

கணக்கு தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியத் தமிழரிடையே ஒரு பெரிய சான்று உண்டு. விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தம் தோட்டங்களை விற்றபோது, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இதனால் தொழிலாளர் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. கட்சித் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், தொழிலாளரே கூட்டாகத் தோட்டத்தை வாங்கலாம் என்ற எண்ணத்துடன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கூட்டுறவுச் சங்கம் என்பது உறுப்பினர் அனைவரும் உரிமையாளராக இருந்து, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்குடன் நடத்தும் தொழிலமைப்பு. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, 100 வெள்ளிப் பங்கைத் தவணையாகக் கட்டலாம், பலர் கட்டினால் அது தோட்டத்தின் விலையாகும் என்பதை பால்மரம் வெட்டிப் பிழைத்த மக்களுக்கு விளங்கவைத்தார். மறு ஆண்டே, நிபோங் திபாலுக்கு வடக்கே கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. அரசியல் தலைவராக அவர் ஆற்றிய பணிகளுள் இதுவே எல்லாவற்றினும் ஆழமானது என்று கொள்ள இடமுண்டு. அங்கே மக்களை இழுத்தது மேடைப்பேச்சு மட்டுமன்று, அவர்களாலேயே சரிபார்க்கக்கூடிய ஒரு கூட்டலும் பெருக்கலும் ஆகும்.

வகுப்பறையில் செய்யத் தக்கதும் அதுவே. ஊதியச் சீட்டு என்னும் ஒற்றைத் தாள் ஒரு முழுப் பாடவேளைக்குப் போதுமானது. நான்காம் படிவ மாணவர் முன் 1,700 ரிங்கிட் ஊதியச் சீட்டு ஒன்றை வைத்தால், அவர் கண்ணில் முதலில் படுவது பிடித்தம்தான். 1,700 என்பது 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம். இதில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளி தம் கையிலிருந்து 13 விழுக்காடாக 221 ரிங்கிட் சேர்க்கிறார். ஆக மாதம் 408 ரிங்கிட் அந்தத் தொழிலாளியின் பெயரில் சேர்கிறது. 2024 மே மாதத்திலிருந்து நடப்பிலுள்ள பிரிப்பின்படி அதில் 75 விழுக்காடான 306 ரிங்கிட் ஓய்வுகாலக் கணக்கிலும், 15 விழுக்காடான 61.20 ரிங்கிட் நல்வாழ்வுக் கணக்கிலும், எஞ்சிய 40.80 ரிங்கிட் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கிலும் வரவு வைக்கப்படும். இந்த எண்களை மாணவரே போட்டுப் பார்த்தபின், சேமநிதி பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கையில் தருவதாகச் சொல்லும் முதலாளி தருகிறாரா, எடுத்துக்கொள்கிறாரா என்ற கேள்வியை எழுப்பினால், 221 ரிங்கிட் எங்கே போயிற்று என்று வகுப்பே திருப்பிக் கேட்கும். பிடித்த பணத்தைச் சேமநிதி வாரியத்தில் செலுத்தாத முதலாளிகளும் உண்டு என்பதையும், தொழிலாளி தன் ஐ-அக்காவுன் என்னும் இணையக் கணக்கில் அதைத் தானே சரிபார்க்கலாம் என்பதையும் அப்போது சொன்னால் அது மறக்காது.

சிறுதொழிலைக் கற்பிக்கப் பள்ளியின் தொழில்முனைவோர் நாளுக்கு மாணவர் செய்யும் முறுக்கே போதும். நூறு பொட்டலம், பொட்டலம் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளலாம். மாவு, உளுந்து, எண்ணெய் ஆகியவற்றுக்கு 90 ரிங்கிட், பைக்கும் ஒட்டுத்தாளுக்கும் 15, எரிவாயுவுக்கு 10 என மொத்தம் 115 ரிங்கிட் செலவானால், 85 ரிங்கிட் லாபம் என்று மாணவர் உடனே எழுதிவிடுவர். பன்னிரண்டு பொட்டலம் நொறுங்கியோ விலைபோகாமலோ நின்றுவிட்டால் லாபம் 61 ஆகக் குறைகிறது. ஐந்து பேர் ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைத்திருந்தால் அது முப்பது மணி நேர உழைப்பு. மணிக்கு 2 ரிங்கிட்டுக்குச் சற்றுமேல்தான் கிடைத்திருக்கிறது. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமோ மணிக்கு 8.72 ரிங்கிட். தம் உழைப்பைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே வீட்டுத்தொழில்கள் பலவற்றின் நோய். தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்கும் தாய்மாருக்கு லாபம் வந்தும் கையில் காசு நிற்காமல் போவதன் காரணத்தை மாணவர் இங்கே கண்டுகொள்வர். விலையைக் கூட்டுவதா, அளவைக் குறைப்பதா, நேரத்தை மிச்சப்படுத்துவதா என்னும் விவாதத்தை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்; அதற்குள் தன்னார்வலர் தலையிட்டு விடை சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துபோகும்.

கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பதையும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் மாதம் 100 ரிங்கிட் கட்டும் கூட்டில், முதல் மாதமே 180 ரிங்கிட் கழிவு விட்டு 820 ரிங்கிட்டை எடுத்தவர் உண்மையில் என்ன வட்டி கட்டுகிறார் என்று பார்ப்பது நல்ல பயிற்சி. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதும் இளையோர் அறிய வேண்டியது.

எனினும், இக்கணக்குகளை எவ்வளவு திறமையாக நடத்தினாலும், ஒரு சொல்லால் எல்லாம் கெட்டுப்போகக்கூடும். அப்பாவின் சம்பளம் எவ்வளவு, வீட்டில் கடன் உண்டா என்று மாணவரிடம் ஒருபோதும் கேட்கக் கூடாது. கற்பனைக் குடும்பம் ஒன்றைப் பலகையில் எழுதி அதன் வரவுசெலவைப் பேசினால் போதும், தம் வீட்டை அவர்கள் மனத்துக்குள் ஒப்பிட்டுக்கொள்வர். சிக்கனம் பற்றிய உபதேசமும் வேண்டா. மாதம் 1,700 ரிங்கிட்டில் நால்வர் வாழும் வீட்டில் சேமிப்பு இல்லாததற்குப் பழக்கக் குறைவு காரணமன்று, வருமானக் குறைவே காரணம். இதை உணராமல் பேசுவோரை மாணவர் முதல் வகுப்பிலேயே எடைபோட்டுவிடுவர். வட்டி முதலைகளிடம் மக்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் இரக்கத்தோடு விளக்க வேண்டுமே தவிர, ஏளனம் செய்யக் கூடாது. காப்புறுதி, நேரடி விற்பனைத் திட்டம் முதலியவற்றின் முகவராக இருக்கும் தன்னார்வலர் அந்த வேலையைப் பள்ளி வாயிலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மாணவரையோ ஆசிரியரையோ வாடிக்கையாளராக நினைத்த அன்றே இப்பணி கெட்டது என்று பொருள்.

வகுப்பாசிரியர் பாடவேளை முழுதும் உடனிருப்பது கட்டாயம். அது மாணவரின் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்பதோடு, தன்னார்வலர் போனபின் தொடரப்போகிறவர் அவரே என்பதும் நினைவிருக்க வேண்டும். ஒத்துக்கொண்ட வாரங்கள் அனைத்திற்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் வந்து பேசிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகும் விருந்தினரை இப்பள்ளிகள் ஏராளமாகப் பார்த்திருக்கின்றன. மறுவாரமும் அதே நேரத்தில் வந்து நிற்பவரிடம்தான் மூன்றாம் வாரத்தில் ஒரு மாணவி தனியே வந்து, அண்ணன் கையெழுத்திடப்போகும் மோட்டார் சைக்கிள் தவணைப் பத்திரத்தைப் பற்றிக் கேட்பாள். பத்திரங்கள் பெரும்பாலும் மலாயில் இருப்பதால், அவற்றைத் தமிழில் விளக்கவும் மலாயில் படிக்கவும் ஒருசேரப் பழக்க வேண்டும்.

தொடங்குவதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் 1968 முதல் வளர்ந்துவந்த பள்ளிக் கூட்டுறவுக் கழகங்கள் இருக்கின்றன. மாணவர் அவற்றில் பங்கு வாங்கிய உறுப்பினர், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் உரிமை உள்ளவர். ஆனால் அந்தக் கணக்கறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் வெகு சிலரே. தலைமையாசிரியரை நேரில் கண்டு, பொதுக்கூட்டத்திற்கு முந்தைய ஆறு வாரங்களில் வாரம் ஒரு பாடவேளை கேட்டால், கடைசி வாரத்தில் மாணவர் தம் கூட்டுறவுக் கடையின் வரவுசெலவை வரிவரியாகப் படித்துக் கேள்விகளைத் தயாரிக்க முடியும். முதல் வாரத்திற்கு, பெயரும் அடையாள அட்டை எண்ணும் மறைக்கப்பட்ட ஊதியச் சீட்டின் நகல் ஆளுக்கு ஒன்று வேண்டும். மாணவரிடம் கைபேசி இராது என்பதால், கணிப்பான்களைக் கணித ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.