கல் அடுக்கிய மலைகள்



எத்தியோப்பியாவின் தெற்கே, தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 600 கி.மீ. தொலைவில் கொன்சோ மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே மழை குறைவு. பெய்கிற மழையும் நினைத்த நேரத்தில் வராது. வந்தால் கொட்டித் தீர்த்துவிடும். மலைகள் செங்குத்தானவை, மண் மெல்லியது. அப்படிப்பட்ட இடத்தில் 21 தலைமுறைகளாக, அதாவது 400 ஆண்டுகளுக்கும் மேலாக, மக்கள் கல்லை அடுக்கி மண்ணைத் தடுத்து நிறுத்தி உழவு செய்து வருகிறார்கள். அந்தக் கல் வரப்புகளையும் கல் மதில் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய 55 சதுர கி.மீ. பரப்பை யுனெஸ்கோ 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எத்தியோப்பியாவுக்குப் போகிறவர்களில் பலர் லாலிபெலாவின் பாறைக் கோயில்களைத் தேடி வடக்கே போய்விடுகிறார்கள். தெற்கே வருகிறவர்களும் ஓமோ பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கொன்சோவில் ஒரு மதியம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மதியத்தில் இந்த ஊர் பிடிபடாது. மூன்று இரவாவது தங்குவது நல்லது. இங்கே பார்க்க வேண்டியது மனித உழைப்பு. அது வண்டியின் கண்ணாடி வழியாகத் தெரியாது; வரப்பு வரப்பாக ஏறி இறங்கினால்தான் கண்ணில் படும்.

புறப்படும் முன்பே செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து இந்தியா திரும்புகிறவர் தடுப்பூசிச் சான்று காட்டியாக வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். கொன்சோ மலைப்பகுதிதான் என்றாலும் மலேரியாவுக்கு எட்டாத உயரம் அல்ல. மருத்துவரைக் கேட்டு மாத்திரையும், கூடவே கொசுவலையும் எடுத்துக்கொள்வது அவசியம். அண்மை ஆண்டுகளில் கொன்சோவின் சுற்றுப்புறத்தில் மோதல்களும் கடும் வறட்சியும் வந்துபோயிருக்கின்றன. ஆகவே நாள் குறிக்கும் முன் அப்போதைய நிலவரத்தை விசாரித்து அறிவது முக்கியம். நிலைமை சரியில்லை என்று தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். எத்தியோப்பியர்களின் கடிகாரம் விடியலில் தொடங்குகிறது. அவர்கள் இரண்டு மணி என்றால் நமக்குக் காலை எட்டு. பேருந்து நேரம் கேட்கும்போது எந்தக் கணக்கு என்று சேர்த்துக் கேட்காதவர் ஆறு மணி நேரம் முன்பின்னாக நிற்க நேரும். அவர்களுடைய ஆண்டுக்கு 13 மாதங்கள்; புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கிறது; ஆண்டு எண் நம்முடையதைவிட ஏழெட்டுக் குறைவாக இருக்கும். முதன்மையான மழை மார்ச்சிலிருந்து மே வரை. அந்த மாதங்களில் மண்பாதைகள் வழுக்கும், வண்டிகள் சிக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான வறண்ட நாள்களில் பயிர் மறைக்காததால் கல் வரப்புகள் அடிமுதல் முடிவரை தெரியும்.

அடிஸ் அபாபாவிலிருந்து அர்பா மின்ச் வரை விமானமும் உண்டு, சாலையும் உண்டு. அந்த ஊரின் பெயருக்கு நாற்பது ஊற்றுகள் என்று பொருள். அபாயா, சாமோ என்ற இரண்டு ஏரிகளைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. அங்கிருந்து தெற்கே சுமார் 90 கி.மீ. சென்றால் கொன்சோவின் தலைமை ஊரான கராத் வரும். ஊர்களுக்குள் போக உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும்; நுழைவுக் கட்டணமும் உண்டு. கட்டணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வதே முறை. தனியே நுழைந்து பணத்தை மிச்சப்படுத்த நினைப்பது அந்த ஊரை அவமதிப்பதாகும். வழிகாட்டி வெறும் பாதை காட்டுகிறவர் மட்டும் அல்ல, எந்த வாசலில் நிற்கலாம், எந்தக் கல்லின் மேல் உட்காரக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் நாளை வயல்களுக்கென்றே ஒதுக்கலாம். வரப்புச் சுவர்களில் சாந்து கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய கற்களே சுவர். சில இடங்களில் உயரம் 5 மீட்டர் வரை போகிறது. சுவர் மண்ணைத் தாங்குகிறது, மழைநீரை வயலில் தேக்குகிறது. அளவுக்கு மேல் வரும் நீரைக் கீழ் வயலுக்கு உடைப்பில்லாமல் இறக்கிவிடுகிறது. இந்த மூன்றாவது வேலைதான் கடினம். நீர் வடிய வழி விடாத சுவர் ஒரே மழையில் சரிந்துவிடும். மாடுகளை மேயவிட்டால் சுவர் இடியும் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் வீட்டுத் தொழுவத்தில் கட்டி வைத்துத் தீனியைச் சுமந்து வந்து போடுகிறார்கள். சாணம் வயலுக்கு எருவாகத் திரும்புகிறது. மழைநீரைச் சேமிக்க ஊர்கூடி வெட்டிக் கட்டிய குளங்களும் உண்டு. அவற்றுக்கு ஹர்தா என்று பெயர். சுவரும் குளமும் ஆண்டுதோறும் பழுது பார்த்தால்தான் நிற்கும். இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போகும் காலத்தில் இதற்கு ஆள் சேர்ப்பது கடினமாகி வருகிறது. கொன்சோ எதிர்கொள்ளும் உண்மையான ஆபத்து இதுதான்.

வயலில் நிற்பது சோளம். ஒரே நிலத்தில் பல வகைச் சோளத்தைக் கலந்து விதைக்கிறார்கள். மழை எப்படிப் போனாலும் ஏதாவது ஒரு வகை கைகொடுக்கும் என்ற கணக்கு அது. கூடவே மக்காச்சோளம், கேழ்வரகு, துவரை, பருத்தி. தமிழ்நாட்டுப் புன்செயில் வளர்ந்தவருக்கு இந்த வயலில் அந்நியம் தோன்றாது. அதற்குக் காரணமும் இருக்கிறது: சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பயிராகி, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து நம் பக்கம் வந்தவை. அவற்றின் பிறந்த வீடு இந்தப் பக்கம்தான்.

அதைவிட நெருக்கமான உறவு முருங்கை. கொன்சோவில் வீட்டு முற்றத்திலும் வரப்போரத்திலும் முருங்கை நிற்கிறது. நம் ஊர் மரம் இந்தியாவின் வடமேற்கு மலையடிவாரத்தைச் சேர்ந்த இனம். கொன்சோவின் மரம் தெற்கு எத்தியோப்பியாவுக்கும் வட கென்யாவுக்கும் உரிய வேறோர் இனம். அடிமரம் பருத்திருக்கும், இலை பெரிது. நாம் காய்க்குக் காத்திருப்போம். அங்கே இலைதான் அன்றாட உணவு. மழை பொய்த்துச் சோளம் கருகிய ஆண்டிலும் இந்த மரம் தழைத்து நிற்பதால் பஞ்ச காலத்தில் குடும்பங்களைக் காப்பாற்றுகிறது. சோள மாவையோ மக்காச்சோள மாவையோ உருண்டை பிடித்து, முருங்கை இலையோடு சேர்த்து வேகவைத்தால் குர்குஃபா. இட்லி போல மென்மையை எதிர்பார்த்தால் ஏமாற்றம். கொழுக்கட்டையை நினைத்துக்கொண்டால் பக்கத்தில் வரும். மசாலா இல்லாத, தானியத்தின் சுவை மட்டும் உள்ள உணவு. கூடவே ஊறுகாய் பாட்டிலை எடுக்காமல், முதல் இரண்டு வேளையாவது அப்படியே சாப்பிட்டுப் பார்ப்பது நியாயம்.

செக்கா என்பது சோளத்தையோ மக்காச்சோளத்தையோ புளிக்க வைத்துச் செய்யும் கெட்டியான பானம். சுரைக்குடுவையில் ஊற்றித் தருவார்கள். வயலில் வேலை செய்கிறவருக்கு அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. ஆள் கூட்டி வரப்புக் கட்டும்போது கைமாறாகக் கொடுப்பதும் அதுவே. அதில் மது உண்டு. குடிக்காதவர் மார்பில் கை வைத்து, புன்னகையோடு மறுத்தால் யாரும் வருந்தமாட்டார்கள். குடிக்கிறவரும் பழகாத வயிறு என்றால் ஓரிரு மிடறோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சைவ உணவுக்காரருக்கு இந்த ஊரில் பெரிய சிரமம் இல்லை. டெஃப் என்ற தானிய மாவில் செய்த இஞ்செரா அப்பமும் பருப்புக் குழம்பும் கராத் உணவகங்களில் கிடைக்கும்.

ஊர்கள் மலை முகட்டில் இருக்கின்றன. ஒன்று முதல் ஆறு சுற்று வரை கல் மதில்கள். மக்கள் பெருகி மதிலுக்கு வெளியே குடியேறும்போது அதையும் சுற்றி இன்னொரு மதில் எழுந்திருக்கிறது. ஆகவே உள்ளிருந்து வெளியே மதில்களை எண்ணிக்கொண்டு நடப்பது ஊரின் வரலாற்றில் நடப்பதற்குச் சமம். வீட்டு வளவுக்குள் நுழையும் வாசல் மிகத் தாழ்வானது, குனிந்துதான் போக வேண்டும். பகைவன் வந்தாலும் தலையை முதலில் நீட்டட்டும் என்பதற்கான பாதுகாப்பு அது. கூரை உச்சியில் ஒரு மண்பானை கவிழ்ந்திருக்கும். தானியக் குதிர்கள் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும்.

ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் மோரா என்ற பொதுக்கட்டடம் உண்டு. கீழே திறந்த திண்ணை, மேலே கனத்த கூரையின் கீழ் பரண். மணமாகாத இளைஞர்கள் இரவில் அங்கே படுப்பார்கள். தீ பிடித்தாலும் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலும் முதலில் ஓடிவர வேண்டியவர்கள் அவர்கள். பகலில் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பார்கள். மோராவின் முற்றத்தில் நெடிய மரக்கம்பங்கள் ஒரே கட்டாக நட்டு வைத்திருப்பார்கள். தலைமுறைப் பொறுப்பு கைமாறும்போது, 18 ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு புதுக் கம்பம் சேரும். கம்பங்களை எண்ணி 18ஆல் பெருக்கினால் ஊரின் வயது ஏறக்குறையக் கிடைக்கும். பழைய கம்பங்கள் இற்று விழுந்திருக்கக்கூடும் என்பதால் கிடைக்கும் எண் குறைவாகவே இருக்கும்.

வாகா என்பவை இறந்த பெருமக்களுக்காக வைத்த மரச் சிலைகள். நடுவில் வீரர், இருபுறமும் மனைவியர், அடுத்து அவர் வென்ற பகைவர், சில இடங்களில் அவர் கொன்ற சிறுத்தை. நடுகல் பார்த்த கண்ணுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். இந்தச் சிலைகளை வெட்டி எடுத்து வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்ற திருட்டு நெடுங்காலம் நடந்தது. மீட்கப்பட்டவையும் மிஞ்சியவையும் பல இப்போது கராத் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது, இந்தச் சிலை எந்த வயல் மேட்டிலிருந்து பறிக்கப்பட்டதோ என்ற கேள்வி எழாமல் இருக்காது. யாராவது இரகசியமாகப் பழைய மரச்சிலை இருக்கிறது என்று அழைத்தால், விலை கேட்கவும் நிற்கக் கூடாது.

குலத் தலைவர்களான பொக்கல்லாக்கள் ஊருக்கு வெளியே, தங்கள் காட்டுக்குள் வாழ்கிறவர்கள். கல்லா, பமாலே, குஃபா என்ற அந்தப் புனிதக் காடுகளில் மரம் வெட்டத் தடை உண்டு. சுற்றிலும் வறண்ட மலை, நடுவில் அடர்ந்த மரக்கூட்டம். தலைவர் இறந்தால் உடலைப் பதப்படுத்தி, ஒன்பது ஆண்டு, ஒன்பது மாதம், ஒன்பது நாள் கழித்தே அடக்கம் செய்வது மரபு. இதைப் பற்றி வேடிக்கையாகக் கேள்வி கேட்பது தவறு.

கொன்சோவைக் குறைகளற்ற ஊராகக் கற்பனை செய்துகொண்டு போவதும் சரியல்ல. நிலம் உழுகிறவர்களுக்கும், குயவர், கொல்லர், நெசவாளர் போன்ற கைவினைஞர்களுக்கும் இடையே நீண்ட காலமாக ஏற்றத்தாழ்வு இருந்தது; மண உறவு மறுக்கப்பட்டது. 1960களில் அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஹால்பைக் 1972இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சாதியின் வலியை அறிந்த ஊரிலிருந்து போகிறவர் இதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது. திங்களும் வியாழனும் கூடும் கராத் சந்தையில் பானைக்கும் துணிக்கும் பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். பருத்தியைப் பெண்கள் நூற்க, ஆண்கள் நெய்யும் கனத்த போர்வைகள் அங்கே கிடைக்கும். பெண்கள் உடுத்தும் இரண்டடுக்குப் பாவாடையும் அந்தத் துணியில் தைத்ததே.

படம் எடுக்கும் முன் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். செலாம் என்ற வணக்கமும், அமசெக்னாலெஹு என்ற நன்றியும் தெரிந்திருந்தால் போதும், மீதியை வழிகாட்டி பார்த்துக்கொள்வார். பின்னால் ஓடிவரும் குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுக்கக் கூடாது. பள்ளியை விட்டுவிட்டு வண்டிக்குக் காத்திருக்கும் பழக்கத்தை அது வளர்க்கிறது. உதவ விரும்பினால் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுத் தேவையானதைத் தருவது மேல்.

கடைசி நாளில் கெசெர்கியோவுக்குப் போகலாம். மழையும் காற்றும் அரித்த செம்மண் அங்கே கோபுரம் கோபுரமாக நிற்கிறது. தலைவரிடமிருந்து திருடிப் புதைத்த முரசைத் தேடிக் கடவுள் தோண்டிய பள்ளம் என்று ஊரார் கதை சொல்வார்கள். உயரக் கட்டடங்கள் போலத் தோன்றுவதால் நியூயார்க் என்ற செல்லப்பெயரும் உண்டு. காண அழகுதான், ஆனால் மூன்று நாள் வரப்புகளில் நடந்தவருக்கு, தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாத மண்ணை மழை என்ன செய்யும் என்பதும் அங்கே தெரியும். திரும்பும் வழியில் எங்காவது இடிந்த வரப்பை யாராவது சரிசெய்துகொண்டிருந்தால், வழிகாட்டியிடம் சொல்லி அனுமதி கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நாலு கல் எடுத்துக் கொடுத்துவிட்டு வரலாம்.