இருளில் பயிலும் கண்

1997ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய நாமக்கல், முட்டைக்குப் பெயர் பெற்றது. முட்டையின் விலையை நாள்தோறும் நோக்குவோர் அங்குப் பலர். அதனுள் நிகழும் விந்தையை எண்ணுவோர் சிலரே.

உணவுக்கெனப் பண்ணைகளில் பெறும் முட்டைகளிற் கரு இல்லை. சேவலோடு கூடிய கோழிகள் இடும் முட்டைகளே குஞ்சு பொரிப்பகம் செல்கின்றன. அங்கு 21 நாள் இளஞ்சூட்டில் இருந்தபின், குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருகிறது. விரைவிலேயே இரையைக் கண்டு கொத்தவும் தொடங்குகிறது. உருவம் எதனையும் அதுவரை கண்டறியாத கண் இத்திறத்தை எங்ஙனம் பெற்றது?

கண்ணின் உட்புறத்தே படர்ந்துள்ள விழித்திரை, நரம்பணுக்களால் ஆனது. பெரும்பாலும் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைக் கடந்து செய்தியைச் சுமந்து செல்வன சில வேதிப்பொருள்கள். இவ்வுண்மையை ஆஸ்திரிய நாட்டு அறிஞர் ஆட்டோ லோவி 1921இல் தவளையின் இதயங்களைக் கொண்டு மெய்ப்பித்தார். நரம்பைத் தூண்டியதால் துடிப்புத் தளர்ந்த ஓர் இதயத்திலிருந்து எடுத்த நீர்மம், மற்றோர் இதயத்தையும் தளரச் செய்தது. அந்நீர்மத்தில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர்த் தெளியப்பட்டது. லோவி, ஹென்றி டேல் என்பாருடன் 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

கோழிக்கருவின் விழித்திரையில் இரண்டாம் வாரத்திலேயே ஒரு கிளர்ச்சி எழுகிறது. ஒளி படாமலே சில அணுக்கள் தாமாகத் துடிக்கின்றன. அசிட்டைல்கோலின் முதலிய தூதுப்பொருள்கள் அத்துடிப்பை அண்டை அணுக்களுக்குப் பரப்புகின்றன. சோளக்கொல்லையிற் காற்று வீசுங்கால் கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாய்வதுபோல, அலை விழித்திரையெங்கும் படர்ந்து ஓய்கிறது. சற்றே பொறுத்து மீண்டும் எழுகிறது. பாலூட்டிகளின் கண்களிலும் இத்தகைய அலைகள் உண்டு.

இவ்வலை வீண் ஆரவாரம் அன்று. அருகருகே உள்ள அணுக்கள் ஒருங்கே துடிப்பதால், மூளைக்குச் செல்லும் அவற்றின் இழைகளும் அருகருகே இடம் பெறுகின்றன. அசிட்டைல்கோலினை ஏற்கும் உறுப்பின் ஒரு பகுதி அமையாத சுண்டெலிகளை ஆய்ந்தபோது, வலக்கண் இழைகளும் இடக்கண் இழைகளும் மூளையில் உரியவாறு பிரியாமல் கலந்து கிடந்தன. பார்வை தொடங்குமுன்னரே பாதை குழம்பிவிட்டது!

இனி, காபா என்னும் மற்றொரு தூதுப்பொருளின் போக்கு இன்னும் வியப்பிற்குரியது. முதிர்ந்த நரம்பணுவை அடக்குவது அதன் தொழில். இளம் அணுவையோ அது எழுப்பிவிடுகிறது! இளம் அணுவினுள் குளோரைடு மிகுந்துள்ளது. காபா வந்து வாயிலைத் திறந்ததும் அது வெளியேற, அணு கிளர்ச்சி அடைகிறது. அணு முதிர முதிரக் குளோரைடு குறைகிறது; அதன்பின் அதே வாயில் திறப்பின் அது உட்புகுந்து அணுவை அமைதிப்படுத்துகிறது. மாறுவது தூது அன்று. அதனை ஏற்கும் அணுவே.

கோழிக்கருவில் இவ்வலைகள் ஏறத்தாழப் பதினெட்டாம் நாளில் அடங்குகின்றன. பொரிப்பகத்தார் முட்டைகளை அடைகாக்கும் பொறியினின்றும் எடுத்துக் குஞ்சு பொரிக்கும் பொறிக்கு மாற்றுவதும் ஏறத்தாழ அந்நாளிலேதான்.