வண்டிக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை

சத்தியமங்கலத்தில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் வெள்ளம் வரும். நீலகிரியில் கொட்டும் மழை பவானியிலும் மாயாற்றிலும் இறங்கிப் பவானிசாகர் அணைக்கு வந்து சேர்கிறது. அணையின் முழு உயரம் 105 அடி. பருவமழை மாதங்களில் அதுவரை நிரப்பாமல் 100 அடியிலும் 102 அடியிலும் நிறுத்தி, மேற்கொண்டு வருவதை ஆற்றில் திறந்துவிடுவார்கள். 2018 ஆகஸ்டில் அப்படித் திறந்தபோது பவானிக் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

ஆறு எப்படிப்பட்டது என்று சத்திக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் வண்டிக்கு இன்சூரன்ஸ் வைத்திருக்கும் பலரிடம் வீட்டுக்கு இல்லை. வண்டிக்குச் சட்டம் கேட்கிறது, வீட்டுக்குக் கேட்பதில்லை. அதனால் வீடு பற்றிய தப்பெண்ணங்கள் கேள்வி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"காங்கிரீட் வீடுங்க, என்ன ஆயிரப் போகுது?"

சுவர் நிற்கும். பீரோ, பிரிட்ஜ், கட்டில், மெத்தை, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம், தண்ணீர் மோட்டார், வயரிங், ஊறி உப்பிய கதவு எல்லாம் போகும். காப்பீடு என்பது கட்டிடம் இடிந்தால் மட்டும் என்பது பழைய எண்ணம். 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி நாடு முழுக்க விற்கப்படுகிறது. தீ, வெடிப்பு, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, காட்டுத்தீ, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் அதில் அடங்கும். நிலநடுக்கம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி: 1900 பிப்ரவரி 8. அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் உண்டான நடுக்கம் ரிக்டர் அளவில் சுமார் 6.

காட்டோர ஊர்க்காரர்கள் யானையைப் பற்றியும் கேட்பார்கள். வெளியிலிருந்து வந்து மோதும் பொருளால் ஏற்படும் சேதத்துக்குப் பாலிசியில் இடம் உண்டு. வாகனம், விழும் மரம், சுவர் ஆகியவற்றை அது உதாரணமாகச் சொல்கிறது, யானையைச் சொல்லவில்லை. வாங்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"வெள்ளம் வந்தா கவருமெண்டு குடுக்குமுங்க"

கொடுக்கும், எவ்வளவு என்று பாருங்கள். பேரிடர் நிவாரண நிதிக்காக 2022இல் வகுத்த விதிப்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். ஓரளவு சேதமான உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு சென்னைப் பகுதிக் குடும்பங்களுக்குக் கொடுத்தது 6,000 ரூபாய். அந்த நேரத்துக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பிரிட்ஜ்கூட வாங்க முடியாது. நிவாரணம் பசியை ஆற்றுவதற்கு. வீட்டைத் திருப்பிக் கட்டுவதற்கல்ல.

"நான் குடியிருக்கறவன், வீட்டுக்காரர் பாத்துக்குவாரு"

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருந்தாலும் அது அவருடைய கட்டிடத்துக்கும் அவருடைய சாமானுக்கும்தான். வாடகைக்கு இருப்பவரின் டிவியும் தையல் மெஷினும் அதில் வராது. கட்டிடத்தை விட்டுவிட்டுச் சாமானுக்கு மட்டும் பாலிசி எடுக்க வழி இருக்கிறது, பிரீமியமும் குறைவு.

சிலிண்டர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே காப்பீடு வைத்திருக்கின்றன. சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் இணைப்பு பதிவாகியிருக்கும் முகவரியில் நடந்தால்தான். வாடகை வீடு மாறியவர்கள் பலர் முகவரியை மாற்றுவதில்லை. இன்றே மாற்றுங்கள்.

"பேங்கு லோன்லயே போட்டுட்டாங்க"

அந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாகவே அது பல நேரம் இருக்கும். வீட்டுக்கான பாலிசியாக இருந்தாலும் கட்டிடத்தோடு நின்றிருக்கலாம், கடன் முடிந்த நாளோடு முடிந்தும் போயிருக்கலாம்.

"அறுபது லட்சம் வீடு, பிரீமியம் கட்டி மாளுமா?"

அறுபது லட்சத்தில் பெரும்பங்கு மனையின் விலை. மனை எரியாது, காப்பீடும் அதற்கில்லை. திருப்பிக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் 22 லட்சம். கட்டிடத்துக்குப் பாலிசி எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, உரிமையாளரின் வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேரும். இங்கே அது 4.4 லட்சம். இத்தனைக்கும் வருடப் பிரீமியம் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

"இன்சூரன்ஸ் போட்டா திருட்டுப் போன நகைக்கும் காசு வரும்"

வராது. அடிப்படைப் பாலிசியில் திருட்டுக்கு இடம் மிகக் குறைவு. வெள்ளமோ தீயோ நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் திருடு போனால் மட்டும் உண்டு. மற்ற நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். நகைக்கு மதிப்பைச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கும் முகவரிடம் வாங்காதீர்கள்.

"கேட்டா ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழிப்பாங்க"

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் மறுப்பு பல நேரம் நம் பக்கத்து ஓட்டையில் தொடங்குகிறது: தாமதமாகத் தகவல் சொல்வது, சர்வேயர் வருமுன் எல்லாவற்றையும் கழுவித் தூக்கி எறிவது, பில் இல்லாமல் நிற்பது. தண்ணீர் வடிந்ததும் முதலில் போட்டோ எடுங்கள், அன்றே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் சொல்லுங்கள்; உதவி எண் 155255. அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். சொந்த வீட்டுக்காரர்கள் கட்டிடத்துக்கும் சாமானுக்கும், குடியிருப்பவர்கள் தங்கள் சாமானுக்கு, மே மாதத்துக்குள் பாலிசி எடுத்துவிடுங்கள்.