பழைய ஜீப்பும் பழகிப்போன நம்பிக்கைகளும்

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போவதென்றால் பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை வழியாக, தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஏற இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் ஜீப் பிடிக்க வேண்டும். மாநில எல்லை ஒரு பக்கம் போக, பாதை இன்னொரு பக்கம் போகிற மலை இது. நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளிலும் அட்டப்பாடி மலையூர்களிலும் இடுக்கி ஏலத்தோட்டங்களிலும் அரிசி மூட்டையையும் நோயாளியையும் கூலி ஆட்களையும் சுமந்தது ஜீப்தான். பொழுதுபோக்கு ஆவதற்கு நெடுநாள் முன்பே, இந்த மலை மக்களுக்கு அது பிழைப்பாக இருந்தது.

அந்த ஜீப்புகளைத்தான் இப்போது இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். மஹிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் உரிமத்தில் செய்யத் தொடங்கிய சிஜே-3பி, பின்னால் வந்த எம்எம் 540, கமாண்டர், மேஜர், 1985 டிசம்பரில் வெளிவந்த மாருதி ஜிப்ஸி என்று எதுவும் கிடைத்தால் விடுவதில்லை. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் வாங்கிய மறுநாளே அவர்கள் பட்டறைக்கு வந்து கேட்கும் கேள்விகள் கவலை தருகின்றன. அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஜீப் என்றாலே ஃபோர் வீல்தான்.

உண்மை: இல்லை. கமாண்டரும் மேஜரும் பின் சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டிகளாகவும் விற்கப்பட்டன. தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. வாங்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். முன் ஆக்சிலின் நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா, அதற்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டு, அது கம்பெனியில் வந்ததா, பட்டறையில் பிறகு மாட்டியதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை 2: பெரிய டயர் போட்டால் எந்த மேடும் ஏறும்.

உண்மை: பழைய ஜீப்பை மேடேற்றுவது அதன் கியர் கணக்கு. சிஜே-3பியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் சொச்சம்தான் நகரும். மனிதர் நடக்கும் வேகம்கூட இல்லை. அந்த நிதானத்தில்தான் 75 குதிரைத்திறன் எஞ்சின் பாறைமேல் பாறையாக ஏறிப் போகிறது.

அந்த வண்டிக்கு வந்த 6.00-16 டயரின் உயரம் சுமார் 28 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் போட்டால் 37 என்பது ஏறத்தாழ 33 போல ஆகிவிடும். இழுவை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பிரேக் பிடிக்கும் வலிமையும் அதே அளவு குறைகிறது. ஆக்சில் ஷாஃப்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடுகிறது. இத்தனைக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கீழே கிடைப்பது ஒன்றரை அங்குல இடைவெளிதான்.

அதற்குப் பதில், இருக்கும் அளவிலேயே நல்ல பட்டன் டயர் போடுங்கள். கல்லுப் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்திக் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். டயர் கல்லின் மேல் மடிந்து உட்கார்ந்து பிடிக்கும். டியூப் டயரில் அளவு மீறிக் குறைத்தால் டியூப் நகர்ந்து வால்வு அறுந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடிக்காமல் வேகமெடுக்கக் கூடாது.

நம்பிக்கை 3: வண்டியைத் தூக்கிவிட்டால் அடியில் எதுவும் இடிக்காது.

உண்மை: நீளமான ஷாக்கிளும் தடித்த ஸ்பிரிங் பட்டையும் பாடியைத்தான் தூக்கும். ஆக்சில் இருந்த உயரத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது அந்த ஆக்சிலின் உருண்டைதான். உயரம் கூடக்கூட எடை மேலே போகிறது. ஏற்கெனவே குறுகலான வண்டி. ஒருபக்கம் சரிந்த பாதையில் கவிழும் ஆபத்து கூடுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் செங்குத்தாகி, யூ ஜாயிண்ட் கிராஸ் சீக்கிரம் போகிறது. முன்பக்கம் ஷாக்கிளை நீட்டினால் காஸ்டர் கோணம் மாறி, ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலைகிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராத வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

நம்பிக்கை 4: ஃபோர் வீல் போட்டுவிட்டால் ஏற்றமும் இறக்கமும் பாதுகாப்பு.

உண்மை: இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அதற்கு வழியில்லை. முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறுகிறது. ஃபோர் வீலிலிருந்து நெம்புகோல் வெளியே வர மறுப்பது அதனால்தான். தாரில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள்.

நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இழுக்கும் என்பதும் தவறு. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், அந்த இரண்டும் சும்மா சுற்ற, தரையில் இருக்கும் இரண்டும் அசையாமல் நிற்கும். இதற்காக டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த வண்டியைத் தார் ரோட்டு வளைவில் ஓட்டினால் உள்பக்கச் சக்கரம் தேய்த்துக்கொண்டு வரும். வண்டி திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இறக்கத்தில் ஃபோர் வீல் வண்டியை நிறுத்தித் தராது. செங்குத்தான மண் இறக்கத்தில் லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும். தார் இறக்கத்தில் சாதாரண கியரிலேயே, ஏறும்போது போட்ட கியரை இறங்கும்போதும் போட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். போடிமெட்டிலிருந்து ஒரு மாலை மூன்றாவது கியரில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். பாதி வளைவுகள் தாண்டியதும் கருகிய லைனிங் நாற்றம் வந்தது. அடுத்த மிதியில் பெடல் எங்கோ கீழே போனது. வண்டி அதே வேகத்தில் போனது. கியரைக் குறைத்துக் குறைத்து மண் மேட்டோரம் ஒதுக்கி நிறுத்தினேன். இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அடுப்பருகே நீட்டியதுபோல் சுட்டது. ஒரு மணி நேரம் கழித்து அதே பிரேக் ஒன்றும் நடக்காததுபோல் பிடித்தது. கோளாறு பிரேக்கில் இல்லை, என் ஓட்டத்தில்தான் இருந்தது.

நம்பிக்கை 5: பட்டை கூட்டினால் எவ்வளவு எடையும் தாங்கும்.

உண்மை: பட்டை தாங்கும். பிரேக் தாங்காது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தினமும் விடியும் முன்பே போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து தோட்டத் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள். மாலையில் அதே ஜீப் களைத்த உடம்புகளோடு இறங்குகிறது. எடையில் பின்பக்கம் தொய்யாமலிருக்கப் பட்டை கூட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் டிரம்மின் அகலமும் வீல் சிலிண்டரின் அளவும் கம்பெனி போட்ட அன்று இருந்ததுதான். பின்பக்கம் தொய்வது, வண்டி தன் வாயால் சொல்லும் எச்சரிக்கை. பட்டை கூட்டுவது அந்த வாயை அடைப்பது. ஓட்டுநர் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: பட்டைக்கு வைத்திருக்கும் காசை லைனிங்குக்கும் வீல் சிலிண்டர் கிட்டுக்கும் போடுங்கள். ஆட்களை ஆர்சியில் உள்ள எண்ணிக்கைக்கு ஏற்றுங்கள்.

நம்பிக்கை 6: டீசல் வண்டிக்குத் தண்ணீர் பயமில்லை, ஸ்நார்க்கெல் போட்டால் ஆற்றிலேயே போகலாம்.

உண்மை: பழைய டீசல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கிடையாது என்பதால் அது நனைந்து நின்றுபோகாது என்ற வரை சரி. ஆனால் காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கெல் அதை மட்டும்தான் தடுக்கும். ஆக்சிலை அது காப்பாற்றாது.

ஏற்றத்தில் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த வெற்றிடம் பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. மழைக்காலம் முடிந்ததும் டிஃபரன்ஷியலின் டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தேன் நிறத்தில் கெட்டியாக இறங்க வேண்டிய ஆயில், முதலில் ஒரு கரண்டித் தண்ணீரும் பிறகு பால் கலந்த காப்பி நிறத்துக் குழம்புமாக இறங்கினால், பேரிங் உள்ளே துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி போனட்டுக்குள் உயரத்தில் கட்டிவிடுவது சில நூறு ரூபாய் வேலை. நான் பார்த்த மாற்றங்களிலேயே செலவு குறைவும் பயன் அதிகமும் அதுதான். ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவிடுங்கள்.

நம்பிக்கை 7: பழைய ஜீப் ஆயில் ஒழுகத்தான் செய்யும், ஸ்டியரிங் ஆடத்தான் செய்யும்.

உண்மை: இரண்டும் பழுது, இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. வில்லிஸ் வழிவந்த ஜீப்பில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிக்கொண்டிருப்பவை. நடுவில் உள்ள தடுப்பு தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றொன்றுக்குப் போய்விடும். ஒன்று நிரம்பி வழியும். இன்னொன்று வறண்டு அரைபடும். ஒழுகுகிறதே என்று ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் நடுங்கினால் பலரும் டேம்பர் வாங்கி மாட்டுகிறார்கள். அது நடுக்கத்தை மறைக்கும், காரணத்தை நீக்காது. முன் ஆக்சில் முனைகளில் உள்ள கிங்பின் பேரிங் தளர்ந்திருக்கும். மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தும் சேர்த்தும், ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்து, சக்கரம் திரும்ப எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்து இறுக்குவார்கள் பழைய மெக்கானிக்குகள். கூடவே டை ராடு எண்டுகளையும் வீல் பேரிங்கையும் பார்த்தால் வண்டி கோடு போட்டதுபோல் போகும்.

நம்பிக்கை 8: என் வண்டி, என் காசு, எந்த எஞ்சினும் போட்டுக்கொள்வேன்.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரி 9இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எஞ்சினை மாற்றுவதென்றால் முதலில் ஆர்டிஓ அனுமதி. பிறகு ஆர்சியில் பதிவு. 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்த முன்பக்க இரும்புக் கம்பியும் இதே கணக்கில் சேரும்.

சட்டம் இருக்கட்டும். 75 குதிரைத்திறனுக்குச் செய்த கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் பின்னால் அதைவிடப் பெரிய எஞ்சினைப் பூட்டினால், அடுத்து உடைவது எது என்ற கேள்விதான் மிஞ்சும். உடைவது ஊருக்குள் என்றால் செலவு. கொழுக்குமலைப் பாதையில் என்றால் உயிர்.

நம்பிக்கை 9: பாதை இல்லாத இடத்தில் ஓட்டுவதுதான் உண்மையான ஆஃப் ரோடு.

உண்மை: மலையுச்சிப் புல்வெளியில் பட்டன் டயர் ஒருமுறை கீறிய தடம், அடுத்த மழையில் வாய்க்கால் ஆகிறது. அதற்கடுத்த மழையில் மண்ணை அறுக்கிறது. அந்தப் புல்வெளியும் சோலையும் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் கீழே ஓடையாக வருகிறது. சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஜீப் ஓடுவதற்கென்று இருக்கும் கரடுமுரடான பாதைகளே ஓர் ஆயுளுக்குப் போதும்.

பழைய ஜீப் வாங்கியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதல் காசு பிரேக்குக்கு. இரண்டாவது ஸ்டியரிங்குக்கு. மூன்றாவது ஆயில், சீல், யூ ஜாயிண்டுகளுக்கு. நான்காவது டயருக்கு. அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். கம்பெனி செய்தபடி சரியாக இருக்கும் ஜீப் எவ்வளவு தூரம் ஏறும் என்பதைப் பார்த்த பிறகு, பலருக்கு மாற்றும் ஆசையே போய்விடுகிறது.

போடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெரிய டயர் போட வேண்டுமென்று யார் வந்தாலும் சரி என்பார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார். பெடல் பாதிக்குக் கீழே இறங்கினால், அன்றைக்கு டயர் பேச்சு அதோடு முடிந்தது.