உள்ளீட்டைக் குவெரியில் ஒட்டாதீர்கள்

2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடு போயின. உள்ளீட்டைக் குவெரியில் ஒட்டும் தவறால் வழிவிட்டவை மூன்று பழைய வலைப்பக்கங்கள். 2009இல் டிஸ்காலி இணைய நிறுவனத்தின் பிரிட்டன் கிளையை வாங்கியபோது கூடவே வந்தவை அவை. அப்படிப் பக்கங்கள் இருப்பதே டாக்டாக்குக்குத் தெரியாது. அபராதம் 4 லட்சம் பவுண்டு.

அதனால் முதல் வேலை கணக்கெடுப்பு. உங்கள் டேட்டாபேஸைத் தொடும் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடுங்கள். யாரும் பயன்படுத்தாததை இன்றே இறக்கிவிடுங்கள்.

அடுத்து, கோடில் எங்கெல்லாம் பயனர் தரும் சொல்லைக் குவெரியோடு ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். லாகின் பெட்டியில் ஒருவர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, 'ஆர் 1=1' என்று எழுதி, இரண்டு சிறுகோடும் ஓர் இடைவெளியும் சேர்த்தால் என்ன ஆகும்? மேற்கோள் குறி உங்கள் சரத்தை மூடிவிடும். நிபந்தனை எப்போதும் உண்மையாகும். சிறுகோடுகளுக்குப் பின்னால் இருக்கும் பாஸ்வேர்ட் சோதனை வெறும் குறிப்பாகிவிடும். பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே வந்துவிடுவார்.

இதற்கு மருந்து பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்துக் குவெரியை முதலில் அனுப்புங்கள். மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். பிறகு அதில் என்ன எழுதியிருந்தாலும் டேட்டாபேஸ் அதைக் கட்டளையாகப் படிக்காது. பிஎச்பியில் பிடிஓவும் மைஎஸ்கியூஎல்லும் பயன்படுத்துவோர் 'எமுலேட் பிரிப்பேர்ஸ்' அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மதிப்புகளை பிடிஓவே குவெரிக்குள் நிரப்பி அனுப்பும். பிரிப்பேர் என்று எழுதிவிட்டு, அதற்குள்ளேயே மாறியை ஒட்டிவைப்பவர்கள் நிறையப் பேர். அதனால் துளியும் பயனில்லை.

'ஆர்டர் பை'க்குப் பின் வரும் நெடுவரிசைப் பெயரை இப்படித் தனியாக அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களைக் கோடிலேயே பட்டியலிட்டு, அதில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். டேட்டாபேஸிலிருந்து எடுத்த மதிப்பையும் நம்பி ஒட்டக்கூடாது. அதுவும் என்றோ ஒரு பயனர் தட்டியதுதான்.

வலைத்தளம் ரூட் கணக்கில் ஓடவே கூடாது. தேவையான டேபிள்களில் படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு கொடுங்கள். பிழைச்செய்தி லாக் கோப்புக்குப் போகட்டும், திரைக்கு வேண்டாம்.

கடைசியாக, சோதனை சர்வரில் ஒவ்வொரு பெட்டியிலும் ஓ'பிரையன் என்று தட்டிப் பாருங்கள். பெயர் அப்படியே சேமிக்கப்பட வேண்டும். 500 பிழை வந்தால் பெரும்பாலும் அங்கே இன்னும் ஒட்டுவேலை இருக்கிறது. அப்போது மேற்கோள் குறியைத் தடை செய்யாதீர்கள், குவெரியைத் திருத்துங்கள்.