காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்: மழைக்கால டெங்கு அறிவுரை

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மழையை ஒட்டி டெங்கு வரும், டெங்குவை ஒட்டி வாட்ஸ்அப் வைத்தியம் வரும். அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 2012இல் 66 பேர், 2017இல் 65 பேர் டெங்குவுக்கு உயிரிழந்தார்கள். வீட்டில் செய்ய வேண்டிய வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிரம், தொட்டி, சம்ப் எல்லாவற்றையும் இறுக மூடுங்கள். வாரம் ஒரு நாள் காலியாக்கி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்தே கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். டயர், தேங்காய்ச் சிரட்டை, பயன்படாத ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு எதிலும் நீர் நிற்கக்கூடாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடுகிறதே, அதுதான் அடுத்த வாரத்துக் கொசு. புகை மருந்து அடிக்கவில்லை என்று தெருவில் நின்று சண்டை போடுகிறவர்களே, மருந்து ஊற்ற வரும் கொசு ஒழிப்புப் பணியாளரை வீட்டுக்குள் விட மறுப்பதையும் பார்க்கிறோம். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டிக்குள் இருக்கும் புழுவை அது ஒன்றும் செய்யாது. இந்தக் கொசு பகலில் கடிக்கும், அதனால் பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

இனி முக்கியமான செய்தி. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது வருவதைவிட, காய்ச்சல் இறங்கும்போதுதான் அதிகம் வருகிறது. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல்சூடு தணியும். அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் போய்ச் சேரும். உள்ளே இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் சரியும். பார்ப்பவருக்கோ காய்ச்சல் விட்டு ஆள் தெளிந்த மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், பெரியவர்கள் வேலைக்குக் கிளம்புகிறார்கள், மருத்துவமனையில் இருப்பவரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்று அர்த்தமில்லை. அந்த இரண்டு நாளில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், அசதியில் சுருண்டு கிடப்பது, காரணமில்லாத சிடுசிடுப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடையாமல் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நெற்றி சாதாரணமாக இருந்து, பாதமும் விரல்களும் சில்லிட்டுப் பிசுபிசுத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த நாள் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் வாட்ஸ்அப்பில் வரும் பப்பாளி இலைச் சாறு ஏன் பலிப்பதுபோல் தெரிகிறது என்பது விளங்கும். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எந்தத் தனி மருந்தும் இல்லாமலே தேறிவிடுகிறார்கள். இரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை ஐந்தாம் ஆறாம் நாள்வரை சரிந்து, பிறகு தானாகவே ஏறும். வீட்டில் சாறு பிழிவது எப்போது? தட்டணு குறைந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான். இரண்டு நாளில் எண்ணிக்கை ஏறுகிறது. அன்று கிவிப் பழம் கொடுத்திருந்தாலும் ஏறியிருக்கும், ஆட்டுப்பால் கொடுத்திருந்தாலும் ஏறியிருக்கும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் ஏறியிருக்கும். கடைசியாக எது உள்ளே போனதோ அதற்குப் பெருமை போகிறது. தேறியவர் வீட்டிலிருந்து ஃபார்வர்டு கிளம்புகிறது. தேறாதவர் வீட்டிலிருந்து எதுவும் வருவதில்லை. முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவினால் டெங்குக் கொசு அதற்குமேல் பறந்து கடிக்காது என்று வருடாவருடம் ஒரு டாக்டர் பெயரைப் போட்டு வருகிற செய்தியும் இந்த வகைதான். கொசுவுக்கு முழங்கால் எல்லை யார் வகுத்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

ஆராய்ச்சியில் இந்தச் சாறு தட்டணுவை ஏற்றியதாகக் காட்டியிருக்கிறார்களே என்று கேட்கலாம். சில சிறிய ஆய்வுகள் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் முன்பு சொன்ன நீர்க்கசிவினால் வருகிறது. தட்டணு எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதால் அது நிற்பதில்லை. சிங்கப்பூர், மலேசியா மருத்துவமனைகளில் நடத்தி 2017இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே போன பெரியவர்களில், இரத்தப்போக்கு வராமலிருக்கச் சிலருக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றினார்கள், சிலருக்கு ஏற்றவில்லை. ஏற்றியவர்களுக்கு இரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. நேரடியாகத் தட்டணுவையே ஏற்றியும் பயன் இல்லையென்றால், இலைச் சாறு வழியாக ஏறும் எண்ணிக்கையை நம்பி எப்படி வீட்டில் இருப்பது? ரிப்போர்ட்டில் தட்டணுவை மட்டும் பார்க்காமல் ஹெமட்டோகிரிட் என்ற வரியையும் டாக்டரிடம் கேளுங்கள். தட்டணு வேகமாகச் சரியும்போது ஹெமட்டோகிரிட் ஏறிக்கொண்டே போனால் இரத்தம் கெட்டியாகிறது என்று பொருள்.

அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததே என்பது அடுத்த கேள்வி. கொடுத்தது. மருத்துவமனைக்குப் போகாமல் இதைக் குடித்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. குடிக்க விருப்பமிருந்தால் குடியுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் கழிகிற அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். நம்பத்தகுந்த அறிவுரையையும் மற்றதையும் இங்கே பிரித்துப் பார்க்கலாம். நல்ல அறிவுரை எந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும், என்ன தெரிந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லும். ஃபார்வர்டு வைத்தியம் குடி, குணமாகும் என்பதோடு முடிந்துவிடும். பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இருக்காது. பாட்டிலில் அடைத்து விற்கிறவரிடமும் அதையே கேட்டுப் பாருங்கள்.

தனியார் மருத்துவமனையில் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறார்கள், அதனால்தான் கைவைத்தியம் பார்க்கிறோம் என்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவசியமில்லாமல் தட்டணு ஏற்றுவதும் மோசடியோடு சேர்ந்ததுதான். அதற்கு மாற்று ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவமனையும். அங்கே இரத்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளில்தான் நன்றாகக் காட்டும். ஆறாம் நாள் எடுத்து, இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று அடம்பிடிக்கும் பழக்கத்தையும், மருந்துக்கடையில் பெயர் தெரியாத நாலு மாத்திரையைக் கவரில் போட்டு வாங்கி விழுங்குவதையும் இந்த மூன்று மாதமாவது நிறுத்துங்கள். பாராசிட்டமால் ஒன்றுதான், அதுவும் எடைக்கு ஏற்ற அளவில், டாக்டர் சொன்ன இடைவெளியில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் கூடாது, இரத்தப்போக்கைத் தூண்டும். இதய நோய்க்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்கட்டும். ஸ்டெராய்டு ஊசி டெங்குவைக் குணப்படுத்தாது, காய்ச்சலை மட்டும் அமுக்கிவிடும். பிறகு காய்ச்சல் எந்த நாளில் தானாக இறங்கியது என்ற கணக்கே தவறிப்போகும். எல்லா முன்னெச்சரிக்கையும் அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது, அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் கரைசல் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தெம்புக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். டெங்குவில் நரம்பு வழி ஏற்றும் நீரை மணிக்கணக்கில் அளந்துதான் கொடுக்க வேண்டும், மிஞ்சினால் நுரையீரலில் தேங்கும்.

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், உடல் பருமன் உள்ளவர்கள் அபாய அறிகுறி வரட்டும் என்று பார்க்காமல் முதல் நாளே டாக்டரிடம் போக வேண்டும். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களும் அப்படியே. வைரஸில் நான்கு வகை இருப்பதால் ஒருமுறை வந்தது மறுமுறைக்குக் காப்பாகாது. வேறு வகை தொற்றினால் இரண்டாவது முறை கடுமையாகும் வாய்ப்பு அதிகம். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108. காய்ச்சல் விட்ட இரண்டு நாளும் நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்; இரவிலும் எழுப்பிப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் போனதா என்று கேளுங்கள்.